நேப்பர்வில்: காலை ஓட்டத்தால் மதிப்பெண் கூடியதா?

உடற்பயிற்சிக்கும் படிப்புக்கும் தொடர்பு உண்டு என்று யாராவது மேடையில் பேச ஆரம்பித்தால், கொஞ்ச நேரத்தில் நேப்பர்வில் என்ற பெயர் வந்துவிடும். அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில், சிகாகோவுக்கு மேற்கே இருக்கும் வசதியான புறநகர் அது. 1999-ல் நடந்த டிம்ஸ் என்னும் சர்வதேச கணித, அறிவியல் தேர்வில் அந்த ஊரின் எட்டாம் வகுப்பு மாணவர்கள் அறிவியலில் உலகிலேயே முதலிடமும் கணிதத்தில் ஆறாம் இடமும் பிடித்தார்கள். அதே ஊர்ப் பள்ளிகளில் உடற்கல்வி வகுப்பு மற்ற ஊர்களில் இல்லாத ஒரு முறையில் நடந்துகொண்டிருந்தது. இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டால் கதை தயார். ஓடினார்கள், ஜெயித்தார்கள்.

ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த மனநல மருத்துவர் ஜான் ரேட்டி 2008-ல் வெளியிட்ட நூலில் இந்தப் பள்ளிகளை விரிவாக எழுதிய பிறகு கதை உலகம் முழுக்கப் பரவியது. கதை பொய் இல்லை. ஆனால் அதில் எல்லோரும் கைதட்டும் இடம் ஒன்று, உண்மையில் கவனிக்க வேண்டிய இடம் வேறொன்று. அந்த உலக முதலிடம் இந்த விவகாரத்தில் மிக பலவீனமான ஆதாரம் என்பது என் கருத்து. படிப்பில் தடுமாறிய சில மாணவர்களுக்காக அதே ஊரின் உயர்நிலைப் பள்ளியில் நடந்த ஒரு சின்ன வகுப்புதான் நமக்குப் பயன்படக்கூடியது. ஏன் என்பதை வரிசையாகப் பார்க்கலாம். 

பி.டி. வகுப்பில் என்ன மாறியது

1990 வாக்கில் அங்குள்ள மேடிசன் ஜூனியர் ஹை பள்ளியில் உடற்கல்விப் பொறுப்பில் இருந்தவர் ஃபில் லாலர். அமெரிக்கக் குழந்தைகளின் உடல்நலம் மோசமாகிக்கொண்டே போகிறது என்று ஒரு நாளிதழ்க் கட்டுரையில் படித்தார். தினமும் பி.டி. வகுப்பு நடக்கும் மாநிலத்தில் வேலை பார்க்கிறோம், நம் பிள்ளைகளுக்கு அந்தக் கவலை இல்லை என்று அவர் நினைத்திருக்கலாம். நினைக்காமல், தன் வகுப்பையே உட்கார்ந்து கவனித்தார். குழு விளையாட்டு என்ற பெயரில் பெரும்பாலான பிள்ளைகள் நின்றுகொண்டிருந்தார்கள். பேஸ்பாலில் தன் முறைக்காக வரிசையில் நிற்பது, கால்பந்தில் பந்து தன் பக்கம் வராதா என்று பார்த்துக்கொண்டு நிற்பது. ஆட்டம் ஆடியது நாலைந்து பேர். இதை வாசிக்கும் யாருக்கும் இந்தக் காட்சி புதிதாக இருக்காது.

லாலர் முதலில் செய்தது எளிமையான காரியம். வாரத்தில் ஒரு நாள் எல்லோரும் ஒரு மைல் ஓட வேண்டும் என்றார். மாணவர்கள் முணுமுணுத்தார்கள், பெற்றோர் புகார் சொன்னார்கள், மருத்துவரிடமிருந்து விலக்குக் கேட்டு சீட்டுகள் வந்தன. அதைவிடப் பெரிய சிக்கல், மெதுவாக ஓடும் பிள்ளைகள் மனம் விட்டுப்போனது. எவ்வளவு முயன்றாலும் கடைசியில்தான் வருவோம், மதிப்பெண்ணும் குறைவுதான் என்றால் எவன் ஓடுவான்?

அப்புறம்தான் திருப்பம் வந்தது. நெஞ்சில் பட்டை போலக் கட்டிக்கொள்ளும், இதயத் துடிப்பைப் பதிவு செய்யும் கருவி அப்போது விளையாட்டு வீரர்களிடையே பரவிக்கொண்டிருந்தது. ஒன்றை வாங்கி ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்திக்குக் கட்டி ஓடவிட்டார் லாலர். ஒல்லியான பெண், விளையாட்டில் பெரிய ஆர்வம் இல்லாதவள், ஓட்டத்தில் பின்தங்குகிறவள். ஓட்டம் முடிந்து கருவியைப் பார்த்தால் சராசரித் துடிப்பு நிமிடத்துக்கு 187. பதினொரு வயதுக்கு உச்சத் துடிப்பு ஏறக்குறைய 209 என்று கணக்கு. கோட்டைத் தொடும்போது அவள் துடிப்பு 207-ஐ எட்டியிருந்தது. அதாவது வகுப்பிலேயே சோம்பேறி என்று யாரைப் பார்த்துக் கத்தியிருப்பாரோ, அவள் தன் உடம்பால் முடிந்த முழு உழைப்பையும் கொடுத்திருந்தாள்.

அதுவரை கொடுத்த மதிப்பெண்ணெல்லாம் தப்பான அளவுகோலில் கொடுக்கப்பட்டது என்பது அவருக்குப் புரிந்தது. அதன்பின் மதிப்பீட்டு முறையே மாறியது. எத்தனை நிமிடத்தில் ஓடினாய், எத்தனை கோல் போட்டாய் என்ற கேள்விகள் போய், உன் வயதுக்கும் உடம்புக்கும் ஏற்ற துடிப்பு எல்லைக்குள் எவ்வளவு நேரம் இருந்தாய் என்பதே அளவானது. வேகமாக ஓடுகிறவன் அலட்சியமாக ஓடினால் மதிப்பெண் குறையும். மெதுவாக ஓடுகிறவள் மூச்சிரைக்க ஓடினால் கூடும். வகுப்பின் மனநிலையை மாற்றியது இந்த ஒரு மாற்றம்தான் என்று நினைக்கிறேன். கருவி இரண்டாம்பட்சம்.

நேப்பர்வில் சென்ட்ரல் உயர்நிலைப் பள்ளியில் உடற்கல்வித் துறைக்குத் தலைவராக இருந்த பால் ஜென்டார்ஸ்கி இதை உயர்நிலை வகுப்புகளுக்குக் கொண்டுவந்தார். இவர் அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளரும் கூட. திறமைசாலிகளைத் தேர்ந்தெடுத்துப் பழக்குவதே தொழிலாக இருந்த மனிதர் இப்படி மாறியது சின்ன விஷயம் இல்லை. கூடைப்பந்து என்றால் பக்கத்துக்கு மூன்று பேர், கால்பந்து என்றால் நான்கு பேர். நிற்க இடமே கிடையாது. குழு ஆட்டம் பிடிக்காதவர்களுக்குச் சுவர் ஏறுதல், நிலைச் சைக்கிள், நடனம், படகு என்று தேர்வுகள். வாழ்நாள் முழுக்கச் செய்யக்கூடிய ஏதோ ஒன்றைப் பள்ளியை விட்டுப் போவதற்குள் பிடித்துக்கொள்ளட்டும் என்பது நோக்கம்.

ஜீரோ ஹவர்

இனி அந்தச் சின்ன வகுப்பு. நேப்பர்வில் சென்ட்ரலில் வாசிப்பில் பின்தங்கியவர்களுக்கென்று தனி மொழித்திறன் வகுப்பு உண்டு. அந்த வகுப்பு மாணவர்களில் விருப்பப்பட்டவர்களை முதல் பீரியடுக்கும் முன்பே, காலை 7.10-க்கு வரவழைத்து ஓடவைத்தார்கள். பள்ளி நேரக் கணக்கில் சேராத வேளை என்பதால் ஜீரோ ஹவர் என்று பெயர். நடத்தியவர் நீல் டங்கன் என்ற இளம் உடற்கல்வி ஆசிரியர். ஓட்டம் என்றால் உலாத்தல் இல்லை. சராசரித் துடிப்பு 185-க்கு மேல் இருக்க வேண்டும் என்பது அவர்களுக்கு வைத்த இலக்கு. ஓடி முடித்து, முகம் கழுவி, நேராக வாசிப்பு வகுப்புக்குப் போனார்கள்.

அரையாண்டு முடிவில் இந்த மாணவர்களின் வாசிப்பும் பொருளுணர்தலும் 17 சதவீதம் முன்னேறியிருந்தன. அதே மொழித்திறன் வகுப்பில் இருந்து, காலையில் தூங்கிவிட்டு வழக்கமான நேரத்தில் சாதாரண பி.டி. வகுப்புக்குப் போனவர்களின் முன்னேற்றம் 10.7 சதவீதம்.

பள்ளி நிர்வாகம் இதைப் பார்த்து, ஜீரோ ஹவரைப் பாடத்திட்டத்துக்குள்ளேயே கொண்டுவந்தது. கற்றலுக்கு ஆயத்தப்படுத்தும் உடற்கல்வி என்ற பெயரில் முதல் பீரியடில் வைத்தது. அடுத்து இன்னொன்றும் செய்தது. ஓட்டம் முடிந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு மொழித்திறன் வகுப்பை இரண்டாம் பீரியடில் வைத்தது. மற்றவர்களுக்கு நாளின் கடைசியில், எட்டாம் பீரியடில் வைத்தது. இரண்டாம் பீரியடில் படித்தவர்கள் மேலாகச் செய்தார்கள். இதன்பிறகு, எந்தப் பாடம் உனக்குக் கஷ்டமோ அதை பி.டி.க்கு அடுத்து வைத்துக்கொள் என்று ஆலோசகர்கள் மாணவர்களிடம் சொல்லத் தொடங்கினார்கள்.

இந்த எண்களில் ஓட்டைகள் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. காலை 7.10-க்கு எழுந்து ஓடத் தானாக முன்வரும் மாணவனுக்கும், வேண்டாம் என்று போர்த்திக்கொள்பவனுக்கும் ஓட்டம் தொடங்கும் முன்பே வித்தியாசம் இருக்கிறது. ஆர்வமா, வீட்டில் எழுப்பிவிட ஆள் இருப்பதா, எதுவாகவும் இருக்கலாம். சீட்டுக் குலுக்கிப் பிரித்திருந்தால் இந்தக் கேள்வி எழாது. எண்ணிக்கையும் சிறியது. உற்சாகமான ஒரு இளம் ஆசிரியர் தினமும் காலையில் தனி அக்கறை காட்டினாலே சில பிள்ளைகள் படிப்பில் நிமிர்ந்துவிடுவார்கள். ஓட்டத்தின் பங்கு எவ்வளவு, அக்கறையின் பங்கு எவ்வளவு என்று இந்த ஏற்பாட்டில் பிரிக்கவே முடியாது. இரண்டாம் பீரியட், எட்டாம் பீரியட் ஒப்பீட்டிலும் இதே தொல்லை. நாளின் கடைசிப் பீரியடில் யாருக்கும் மூளை ஓடாது, ஓடியவனுக்கும் ஓடாதவனுக்கும்.

இவ்வளவு சொன்னபிறகும் இந்த வகுப்பை நான் ஒதுக்கவில்லை. காரணம், இதில் கேள்வி சரியாகக் கேட்கப்பட்டது. ஒரே பள்ளி, ஒரே வகை மாணவர்கள், ஒரே பாடம், முன்பும் பின்பும் அளவு. டிம்ஸ் முதலிடத்தில் இதில் ஒன்றுகூடக் கிடையாது.

அந்த உலக முதலிடம்

1999 டிம்ஸ் தேர்வில் 38 நாடுகள் கலந்துகொண்டன. அவற்றோடு சேர்த்து, அமெரிக்காவின் சில மாநிலங்களும் பள்ளி மாவட்டங்களும் (ஒரு வட்டாரத்தின் அரசுப் பள்ளிகளை நடத்தும் உள்ளூர் அமைப்புகள்) தங்களைத் தனி நாடு போலப் பதிந்துகொண்டு தேர்வெழுதும் வசதி இருந்தது. நேப்பர்வில் 203 என்ற பள்ளி மாவட்டம் அப்படித்தான் எழுதியது. அறிவியலில் அதன் சராசரி 584. தைவான் 569, சிங்கப்பூர் 568. கணிதத்தில் நேப்பர்வில் 569, சிங்கப்பூர் 604. மொத்த அமெரிக்காவின் சராசரி அறிவியலில் 515, கணிதத்தில் 502. தேர்ந்தெடுத்த சில கெட்டிக்காரர்களை மட்டும் அனுப்பினார்கள் என்றும் சொல்ல முடியாது. எட்டாம் வகுப்பில் கிட்டத்தட்ட எல்லோரும் எழுதினார்கள். அந்த மட்டில் அது பெரிய சாதனைதான்.

ஆனால் ஒரு வசதியான புறநகரை ஒரு முழு நாட்டோடு வைத்துப் பார்க்கும் ஒப்பீடு இது. நேப்பர்வில்லுக்கு அருகில் ஆர்கான் தேசிய ஆய்வகமும் ஃபெர்மி ஆய்வகமும் இருக்கின்றன. பெல் ஆய்வகத்தின் பெரிய வளாகம் ஒன்றும் அங்கே இருந்தது. விஞ்ஞானிகளும் பொறியாளர்களும் குடியிருக்கும் ஊர். அந்தக் காலத்தில் மாவட்டத்தின் மாணவர்களில் குறைந்த வருமானக் குடும்பத்தினர் மூன்று சதவீதம்கூட இல்லை. மாநிலத்தில் அது 40 சதவீதத்தை ஒட்டி இருந்தது. நம்மவர்களும் அந்தப் பக்கம் நிறைய. பக்கத்து ஊரான அரோராவில் இருக்கும் பாலாஜி கோயிலுக்கு வார இறுதியில் போனால் கூட்டத்தைப் பார்க்கலாம். அப்பா அம்மா இருவரும் பட்டதாரிகளாக இருக்கும் வீட்டுப் பிள்ளைகள் உலகில் எங்கே தேர்வெழுதினாலும் நன்றாகத்தான் எழுதுவார்கள்.

இதைச் சோதிக்க அதே தேர்விலேயே வழி இருக்கிறது. சிகாகோவுக்கு வடக்கே உள்ள வசதியான புறநகர்ப் பள்ளிகள் சேர்ந்து ஒரு கூட்டமைப்பாக அதே டிம்ஸை எழுதின. நேப்பர்வில்லின் உடற்கல்வி முறை அங்கே பேசப்பட்டதில்லை. அவர்களின் மதிப்பெண்ணும் கிட்டத்தட்ட அதே உயரத்தில் வந்தது, கணிதத்தில் 560. அதே மாநிலத்தின் சிகாகோ நகரப் பள்ளிகள் கணிதத்தில் 460-ஐ ஒட்டி நின்றன. அந்த நூறு மதிப்பெண் இடைவெளியில் பெரும்பங்கை ஓட்டம் தீர்மானித்தது என்று நம்புவது கடினம். வீட்டு வருமானம் தீர்மானித்தது என்று நம்புவது எளிது.

எனவே, நேப்பர்வில் உலக முதலிடம் பிடித்ததற்குக் காரணம் பி.டி. வகுப்பு என்று எந்தக் கூட்டத்திலாவது ஸ்லைடு போட்டால், அதை நம்ப வேண்டாம். பி.டி. வகுப்புக்குத் தினமும் நேரம் கொடுத்தும் அவர்கள் படிப்பில் பின்தங்கவில்லை என்று சொன்னால், அது சரி. அதுவே சின்ன விஷயம் இல்லை.

வேறு ஊர்களில்

நேப்பர்வில்லைப் பார்த்து, பென்சில்வேனியா மாநிலத்தின் டைட்டஸ்வில் என்ற ஊர் 2000-ஐ ஒட்டி இதே முறைக்கு மாறியது. 1859-ல் அமெரிக்க எண்ணெய்த் தொழில் பிறந்த ஊர் அது, பிறகு நொடித்துப்போனது. பணக்கார ஊர் என்ற குற்றச்சாட்டு இங்கே எடுபடாது. மாநிலத் தேர்வில் சராசரிக்குக் கீழே இருந்தவர்கள், சில ஆண்டுகளில் வாசிப்பில் 17 சதவீதமும் கணிதத்தில் 18 சதவீதமும் சராசரிக்கு மேலே போனதாகப் பள்ளி தரப்பில் சொன்னார்கள். ஆனால் அதே காலத்தில்தான் அமெரிக்கா முழுவதும் தேர்வு முடிவுகளை வைத்துப் பள்ளிகளை நெருக்கும் புதுச் சட்டமும் வந்தது. எதனால் எது என்று சொல்வதற்கில்லை.

கலிஃபோர்னியா 2002-ல் வெளியிட்ட கணக்கு மிகப் பெரியது. ஐந்து, ஏழு, ஒன்பதாம் வகுப்புகளில் ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களின் உடல்தகுதிச் சோதனை முடிவுகளையும் மாநிலத் தேர்வு மதிப்பெண்களையும் இணைத்துப் பார்த்தார்கள். ஆறு உடல்தகுதி அளவுகளில் எத்தனையில் தேறினார்களோ, அதற்கேற்ப மதிப்பெண்ணும் படிப்படியாக ஏறியது. வாசிப்பைவிடக் கணிதத்தில் ஏற்றம் செங்குத்து. எண்ணிக்கை பிரமிக்க வைக்கும். ஆனால் ஒன்பது லட்சம் பேரை எடுத்தாலும், பத்துப் பேரை எடுத்தாலும், ஒரே நாளில் எடுத்த படம் படம்தான். நல்ல சாப்பாடு, பாதுகாப்பான தெரு, நீச்சல் வகுப்புக்குக் கட்டணம் கட்டும் பெற்றோர், இவையெல்லாம் உடம்பையும் தேற்றும், மதிப்பெண்ணையும் தேற்றும்.

ஸ்வீடனில் கிடைத்த ஆதாரம் இதைவிடக் கூர்மையானது. 1950-லிருந்து 1976 வரை பிறந்த, கட்டாய ராணுவச் சேவைக்காக 18 வயதில் சோதிக்கப்பட்ட 12 லட்சம் ஆண்களின் பதிவுகளை ஆராய்ந்து 2009-ல் வெளியிட்டார்கள். இதயமும் நுரையீரலும் எவ்வளவு தாங்குகின்றன என்ற தகுதிக்கும் அறிவுத்திறன் சோதனைக்கும் தெளிவான தொடர்பு இருந்தது. தசை வலிமைக்கு அப்படி இல்லை. அந்தப் பதிவுகளில் இரட்டையர்களும் இருந்ததால், பரம்பரையின் பங்கு எவ்வளவு என்றும் பார்க்க முடிந்தது. தொடர்பில் பெரும்பங்கு சூழ்நிலையால் வந்தது என்று தெரிந்தது. இன்னொன்றையும் கண்டார்கள். 15 வயதிலிருந்து 18 வயதுக்குள் உடல்தகுதியைக் கூட்டிக்கொண்டவர்கள், அதை இழந்தவர்களைவிட 18-ல் நடந்த சோதனையில் மேலாகச் செய்தார்கள். உயர்நிலைப் பள்ளி வயது என்பது இந்த மூன்று ஆண்டுதான். பெண்கள் இந்தக் கணக்கில் இல்லை என்பது இதன் குறை.

இவை எல்லாவற்றையும்விட நேப்பர்வில்லோடு சேர்த்துப் படிக்க வேண்டியது, அதே ஸ்வீடனின் மால்மோ நகரையொட்டிய பங்க்கிஃப்லோ பகுதியில் ஒரு பள்ளியில் நடந்தது. 1999-ல் தொடங்கிய திட்டம். அங்கே குழந்தைகளின் எலும்பு வளர்ச்சியைப் பார்க்க வந்த மருத்துவர்களும் இருந்தார்கள். படிப்பைப் பார்த்தவர் இங்கெகெர்ட் எரிக்சன் என்ற ஆய்வாளர். ஒரு பகுதி மாணவர்களுக்கு, மொத்தம் 129 பேர், வாரத்தில் ஐந்து நாளும் 45 நிமிட உடற்கல்வி. உடல் அசைவுகளில் தடுமாறுகிறவர்களுக்குக் கூடுதலாக ஒரு வகுப்பு. அதே பள்ளியின் இன்னொரு பகுதிக்கு, 91 பேருக்கு, வழக்கம்போல வாரத்துக்கு இரண்டு வகுப்பு. இப்படி ஒன்பது ஆண்டு, முதல் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரை.

முடிவில் தினசரி உடற்கல்வி பெற்றவர்களில் 96 சதவீதம் பேர் மேல்நிலைப் படிப்புக்குத் தகுதி பெற்றார்கள். மற்றவர்களில் 89 சதவீதம். பிரித்துப் பார்த்தால் வித்தியாசம் வந்தது ஆண் பிள்ளைகளிடம்தான்: 96-க்கு 83. பெண் பிள்ளைகள் இரண்டு பக்கமும் ஏற்கெனவே நன்றாகவே படித்துக்கொண்டிருந்தார்கள், அவர்களிடம் பெரிய மாற்றம் இல்லை. உடல் அசைவில் குறைபாடு உள்ளவர்கள் ஒன்பதாம் வகுப்பில் தினசரி உடற்கல்வி பெற்ற பக்கம் 7 சதவீதம், மறுபக்கம் 47 சதவீதம்.

நார்வேயில் 57 பள்ளிகளின் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைப் பள்ளிவாரியாகக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதிக்கு மட்டும் கூடுதல் உடல் செயல்பாடு கொடுத்து ஒரு சோதனை நடந்தது. மொத்தமாகப் பார்த்தால் மதிப்பெண்ணில் வித்தியாசம் இல்லை. ஆனால் தொடக்கத்தில் கணக்கில் கடைசி மூன்றில் ஒரு பங்கில் இருந்த பிள்ளைகள் மட்டும் முன்னேறியிருந்தார்கள். அதே நாட்டில் பிறகு 14 வயது மாணவர்களிடம் வாரத்துக்கு 120 நிமிடம் கூடுதல் உடல் செயல்பாட்டோடு நடந்த சோதனையில் கணிதத்திலும் வாசிப்பிலும் சிறிய முன்னேற்றம் கிடைத்தது. சிறியது என்பதை அழுத்திச் சொல்கிறேன்.

இப்போது இவற்றை ஒரு வரிசையில் வைத்துப் பாருங்கள். நேப்பர்வில்லில் பலன் தெரிந்தது வாசிப்பில் பின்தங்கியவர்களிடம். மால்மோவில், தேறாமல் போயிருக்கக்கூடிய பையன்களிடம். நார்வேயில் கணக்கில் கடைசியில் இருந்தவர்களிடம். முதல் ரேங்க் வாங்குகிற பிள்ளையை ஓடவைத்து மேலும் நாலு மதிப்பெண் கறக்கலாம் என்பதற்கு இந்த ஆதாரங்களில் பெரிதாக ஒன்றும் இல்லை. விளிம்பில் நிற்கிற பிள்ளைக்கு இது உதவுகிறது என்பதற்குத்தான் மூன்று இடங்களிலும் தடயம் கிடைக்கிறது.

நேரம் வீணாகுமா என்ற பயத்துக்கும் பதில் உண்டு. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2010-ல் அதுவரை வந்த 50 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. உடற்கல்வி உள்ளிட்ட பள்ளி உடல் செயல்பாடுகளுக்கும் படிப்புக்கும் இடையே சோதிக்கப்பட்ட 251 தொடர்புகளில் பாதி சாதகம், கிட்டத்தட்ட மறுபாதியில் தொடர்பு எதுவும் தெரியவில்லை. பாதகமாக வந்தவை 1.5 சதவீதம். ஓடுவதால் மதிப்பெண் கூடும் என்று அடித்துச் சொல்ல இது போதாது. பாட நேரத்தைப் பிடுங்கி பி.டி.க்குக் கொடுத்தால் மதிப்பெண் குறையும் என்ற பயத்தை மூட்டைகட்டி வைக்க இது தாராளமாகப் போதும்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் மேடைப் பேச்சுகளில் இது ஏற்கெனவே தேவைக்கு மேல் பேசப்படுகிறது. மூச்சு வாங்க ஓடினால் மூளைக்கு ரத்த ஓட்டம் கூடுகிறது. நரம்பணுக்கள் வளரவும் இணைப்புகள் உறுதிப்படவும் உதவும் புரதங்கள் சுரக்கின்றன. நினைவாற்றலுக்கான ஹிப்போகேம்பஸ் பகுதி, உடல்தகுதி மிக்க ஒன்பது, பத்து வயதுக் குழந்தைகளிடம் சற்றுப் பெரிதாக இருப்பதை 2010-ல் வந்த ஸ்கேன் ஆய்வு ஒன்று காட்டியது. நேப்பர்வில் இருக்கும் அதே மாநிலத்தில், இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் சார்ல்ஸ் ஹில்மன் குழுவினர் 20 நிமிடம் டிரெட்மில்லில் நடந்த பிள்ளைகளை உடனே சோதித்தார்கள். உட்கார்ந்திருந்த நாளைவிட அன்று கவனம் சிதறாமல் இருந்தது, வாசித்துப் புரிந்துகொள்வதும் மேலாக இருந்தது.

பள்ளிக்கு இதில் முக்கியமான சேதி ஒன்றுதான். இரண்டு வகைப் பலன் இருக்கிறது. ஓடி முடித்த சில மணி நேரத்துக்குள் கவனம் கூர்மையாவது ஒன்று. மாதக்கணக்கில் ஓடி உடல்தகுதி ஏறியபிறகு வருவது இன்னொன்று. முதலாவதைப் பிடிக்க வேண்டுமானால் டைம்டேபிளில் பி.டி. எங்கே இருக்கிறது என்பது முக்கியம். கடைசிப் பீரியடில் ஓடவைத்து வீட்டுக்கு அனுப்பினால் அந்தக் கூர்மை பஸ்ஸில் போய்விடும்.

தூக்கத்தின் கணக்கு

நேப்பர்வில்லை நகலெடுக்க நினைப்பவர்கள் சறுக்குவது இங்கேதான். காலை 7.10 என்ற நேரம் பார்க்கக் கம்பீரமாக இருக்கிறது. ஆனால் பதின்வயதில் உடம்பின் கடிகாரமே பின்னுக்குத் தள்ளிப்போகிறது. இரவு தூக்கம் தாமதமாக வருகிறது. உயர்நிலைப் பள்ளிகளைக் காலை 8.30-க்கு முன் தொடங்க வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் கழகம் 2014-ல் பரிந்துரைத்தது. கலிஃபோர்னியா அதைச் சட்டமாகவே ஆக்கியது. தூக்கத்தை வெட்டி ஓட்டத்தை வைத்தால் ஒரு கையில் கொடுத்து மறுகையில் பிடுங்குவதுபோல ஆகிவிடும். நேப்பர்வில் பள்ளியே ஜீரோ ஹவரைப் பிறகு முதல் பீரியடுக்குள் இழுத்துக்கொண்டது என்பதை மறக்க வேண்டாம்.

சட்டத்தின் துணையும் எப்போதும் நிலைப்பதில்லை. தினமும் உடற்கல்வி கட்டாயம் என்று வைத்திருந்த இல்லினாய்ஸ், 2017-ல் நிறைவேறிய பள்ளி நிதிச் சட்டத்தின் மூலம் வாரத்துக்கு மூன்று நாள் போதும் என்று தளர்த்தியது. ஃபில் லாலர் அதைப் பார்க்கவில்லை, 2010-லேயே காலமாகிவிட்டார்.

நம் பள்ளியில் செய்து பார்க்க

இதைப் படிக்கும் ஆசிரியர்கள் சிலருக்காவது கை பரபரக்கும் என்பதால் இந்தப் பகுதி. நம்மூரில் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு வந்துவிட்டால் பி.டி. பீரியட் கணக்கு ஆசிரியருக்குச் சொந்தம். அதிலும், மெதுவாகப் படிக்கும் மாணவர்கள் என்று தனியாகப் பட்டியல் போட்டு, ஸ்பெஷல் கிளாஸ் என்று மைதானத்திலிருந்து முதலில் இழுத்துக்கொண்டு போவது அவர்களைத்தான். மேலே பார்த்த மூன்று இடத்து ஆதாரமும் சொல்வது நேர் எதிரானது: மைதானம் யாருக்கு அதிகம் தேவையோ, அவர்களிடமிருந்துதான் முதலில் பறிக்கிறோம்.

பணம் பெரிதாக வேண்டாம். நெஞ்சுப் பட்டைக்குப் பதில் கழுத்தோரம் இரண்டு விரல் வைத்து 15 விநாடி துடிப்பை எண்ணி நான்கால் பெருக்கச் சொல்லிக்கொடுத்தால் போதும். பத்து மணி வெயிலில் ஓடவிட முடியாது என்பது உண்மை. அதனால் முதல் அல்லது இரண்டாம் பீரியட், நிழல் இருந்தால் நல்லது, தண்ணீர் கட்டாயம். காலையில் சாப்பிடாமல் வருகிற பிள்ளைகள் எத்தனை பேர் என்று முதலில் விசாரித்துவிட வேண்டும். வெறும் வயிற்றோடு ஓடவிட்டு மயங்கி விழுந்தால் திட்டம் அன்றோடு முடிந்தது. இதயக் கோளாறு, ஆஸ்துமா, ரத்தசோகை உள்ளவர்களை மருத்துவரிடம் கேட்காமல் சேர்க்கக் கூடாது. பெண் பிள்ளைகள் ஓடத் தயங்கினால் காரணம் பெரும்பாலும் உடுப்பாகவோ, வேடிக்கை பார்க்கும் பையன்களாகவோ இருக்கும். இரண்டையும் பள்ளி நினைத்தால் சரிசெய்யலாம்.

மதிப்பீட்டை மட்டும் லாலர் செய்தபடியே வைத்துக்கொள்ளுங்கள். முதலில் வந்தவனுக்குப் பரிசு என்று ஆரம்பித்தால் மூன்றாம் வாரத்தில் பாதிப் பேர் வயிற்றுவலி என்பார்கள்.

பலன் உண்டா என்று தெரிந்துகொள்ள, நேப்பர்வில் செய்யாத ஒன்றை நாம் எளிதாகச் செய்யலாம். ஒரே கணக்கு ஆசிரியர் எடுக்கும் இரண்டு பிரிவுகளை எடுத்துக்கொள்ளுங்கள். எந்தப் பிரிவுக்குக் கணக்குக்கு முன் ஓட்டம் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள். மற்றதற்கு அதே ஓட்டம், ஆனால் கணக்கு முடிந்தபிறகு. அரையாண்டுத் தேர்வுக்குப் பின் இரண்டையும் மாற்றிப் போடுங்கள். விடைத்தாளைத் திருத்துபவருக்கு எது எந்தப் பிரிவு என்று தெரியக் கூடாது. வகுப்புச் சராசரியைப் பார்ப்பதோடு நிறுத்தாமல், கடைசிப் பத்துப் பேரின் மதிப்பெண்ணைத் தனியாக எழுதிவையுங்கள், வருகைப் பதிவையும் சேர்த்து. ஒன்பதாம் வகுப்பில் தொடங்குவது நல்லது. பத்தாம் வகுப்பில் கேட்டால் எந்தத் தலைமையாசிரியரும் சம்மதிக்க மாட்டார்.